தலைவர் வீட்டுத் தண்ணீர்த் திருடன்

எலியாஸின் கீரைப் பாத்தியில் முதல் மண்வெட்டி விழுந்தபோது ஜோசபாத் இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"அத்தான், நாம துப்பு துலக்க வந்தோமா, அடக்கத்துக்கு வந்தோமா?" என்றான் ஃப்ளிப்பி. "தீர்ப்பு சொல்லி முடிச்சு குழி தோண்டிட்டு இருக்காங்க."

ஜோசபாத் வண்டிக் கதவைத் திறந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். போலீஸில் சார்ஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வெயிலிலும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றாதவர். ஃப்ளிப்பி அவர் மனைவியின் தம்பி. கீட்மன்ஸ்ஹூப் நகரத்தில் குழாய் வேலை பார்ப்பவன். ஓட்டை எங்கே இருந்தாலும் அடைத்துவிடுவான், தன் வாயைத் தவிர.

நமா மக்களின் கோராபிஸ் கிராமம் பிப்ரவரிக் கோடை வெயிலில் வறுபட்டுக் கொண்டிருந்தது. ஊர் முழுதும் பழுப்பு. எலியாஸின் வேலிக்குள் மட்டும் பச்சை. அந்தப் பச்சைதான் இன்று அவனுக்கு எதிர்சாட்சி.

வேலியோரம் கறுப்புக் கோட்டோடு நின்றிருந்தார் எசேக்கியேல். ஊர்த் தலைவர், ஜோசபாத்தின் உடன்பிறந்த அண்ணன். மருமகனை அடக்கம் செய்த துக்கக் கோட்டை இன்னும் கழற்றவில்லை. அவருடைய வீட்டுக் குழாயில் தண்ணீர் நாளுக்கு நாள் மெலிந்து, இப்போது நூலாக ஒழுகுகிறது. அது மெலியத் தொடங்கிய வாரத்தில்தான் பக்கத்து வீட்டு எலியாஸ் வேலியோரமாகப் பள்ளம் வெட்டிக் குழாய் புதைத்தான்.

"வந்தியே, அது போதும் தம்பி," என்றார் எசேக்கியேல். "சார்ஜென்ட் வந்து பார்த்தார்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கணும். பார்த்தேன்னு சொல்லிடு. பசங்க குழாயை அறுத்துடுவாங்க."

"பார்க்காமலே பார்த்தேன்னு சொல்ற வழக்கம் நம்ம குடும்பத்துல இல்லண்ணே."

மண்வெட்டியோடு நின்ற மூன்று இளைஞர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாத்தியில் பாதித் தூரம் வெட்டியாகிவிட்டது. மீதித் தூரத்தின் மேல் எலியாஸ் கால் அகட்டி நின்றிருந்தான். வாசலில் அவன் மனைவி இரண்டு பிள்ளைகளையும் பாவாடையோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"சார்ஜென்ட் ஐயா," என்றான் எலியாஸ். குரல் நடுங்கியது, கால் நடுங்கவில்லை. "என் குழாய் தரைமேல கிடந்துச்சு. வெயில்ல வெந்து வெடிச்சுது. ஆழமாப் புதைச்சேன். வேற ஒண்ணும் செய்யல. இதை அறுத்தா நாளைக்கே கீரை கருகிடும். பள்ளிக்கூடத்துச் சமையலுக்கு இந்தக் கீரைதான் போகுது. இது போச்சுன்னா நாங்க ஊரை விட்டுப் போகணும். அதுவும் திருடன்ற பேரோட."

"வடக்கேயிருந்து எந்த வழியா வந்தியோ, அந்த வழி அப்படியேதான் இருக்கு," என்றான் இளைஞர்களில் ஒருவன்.

"வாயை மூடு," என்றார் ஜோசபாத். அண்ணன் பக்கம் திரும்பினார். "எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும்."

எசேக்கியேல் ஊர்த் தண்ணீர்த் தொட்டியை நிமிர்ந்து பார்த்தார். இரும்புக் கால்களின் மேல் நின்ற அந்தத் தொட்டியின் நிழல் தெருவைத் தாண்டி நீண்டு கொண்டிருந்தது.

"அந்த நிழல் இந்த வேலியைத் தொடட்டும். அதுவரைக்கும் உனக்காகப் பொறுக்கறேன். அப்புறம் என்னைத் தடுக்காதே."

*

சமையலறையில் அடுப்பு எரிந்தது. கரிபிடித்த பெரிய கெண்டியில் தண்ணீர் கொதித்தது.

"வெளிய வறுக்கறாங்க, உள்ள வேகவைக்கறாங்க," என்று நெற்றியைத் துடைத்தான் ஃப்ளிப்பி. "நம்மள எப்படித் திங்கறதுன்னு இன்னும் முடிவு பண்ணல போல."

"அந்தத் தண்ணி எனக்கு," என்றாள் மூலையில் உட்கார்ந்திருந்த லேனா. தலைவரின் மகள். தலைநகர் விண்ட்ஹூக்கில் ஆஸ்பத்திரி நர்ஸ். கறுப்பு உடை, கறுப்புத் தலைத்துணி. "துக்கம் கழியறவரைக்கும் எனக்குப் பச்சைத் தண்ணி ஆகாதாம் சித்தப்பா. குடிக்க, குளிக்க, கை கழுவ, எல்லாத்துக்கும் வெந்நீர்தானாம். அப்பா கல்லறைப் பக்கத்துல நின்னு எல்லார் முன்னாடியும் வாக்குக் குடுத்தார், கேட்டீங்கல்ல?"

ஜோசபாத் கேட்டிருந்தார். கேட்டபோது அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. 'என் வீட்டில் எந்த விதவையும் இதை மீறியதில்லை. என் மகளும் மீறமாட்டாள். மூத்தவள் கைபிடித்து அவளைத் தண்ணீரிடம் திரும்ப அழைத்துப் போகும் நாள்வரை குளிர்ந்த நீர் அவள்மேல் படாது.' சபை முழுதும் தலையசைத்தது. அந்த நியதியை ஒரு நமா பெண் யாரோ சொன்னதைப்போல 'ஆகாதாம்' என்று இழுத்துச் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதைப் பேச இது நேரமில்லை.

"மானியை மாட்டு," என்றார்.

ஃப்ளிப்பி பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாயின் வாயில் அழுத்தமானியைத் திருகி மாட்டினான். வீட்டில் எல்லாக் குழாயும் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதைத் திறந்தான். முள் அசைந்தது. சோம்பேறியைப் போல மெல்ல மெல்ல ஏறி, நான்காம் கோட்டில் போய் நின்றது. நின்றது நின்றதுதான்.

"நாலு," என்றான் ஃப்ளிப்பி. "ஊர்த் தொட்டி என்ன அழுத்தம் குடுக்குதோ அத்தனையும் இருக்கு."

"இப்ப குளியலறைக் குழாயைத் திற."

திறந்தான். முள் சுழன்று விழுந்து பூஜ்யத்தில் படுத்தது. குளியலறையில் நூல்போல ஒழுகும் சத்தம்.

சன்னலுக்கு வெளியே எசேக்கியேலின் முகம் தெரிந்தது. அவருக்குப் பின்னால் மண்வெட்டிக்காரர்கள்.

"பார்த்தியா? விழுந்துடுச்சு. திருடன் உறிஞ்சறான்."

"இல்லண்ணே. நம்ம குழாய்ல எவனாவது ஓட்டை போட்டு உறிஞ்சினா, எல்லாத்தையும் மூடினாலும் முள் மேல ஏறாது. இது நாலுல சிலை மாதிரி நின்னுது."

"உங்க வண்டி வர்றதைப் பார்த்ததும் அவன் மூடியிருப்பான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"சரி. மூடிட்டான்னே வச்சுக்குவோம்." ஜோசபாத் குளியலறையை நோக்கிக் கையை நீட்டினார். "மூடினதும் நம்ம தண்ணி நமக்குத் திரும்பி வந்திருக்கணுமே. ஏன் வரல?"

அவர் சன்னலருகே போனார்.

"எலியாஸ்!" என்று சன்னல் வழியே உரக்கக் கூப்பிட்டார். "உன் குழாயை முழுசாத் திறந்து விடு!"

எலியாஸின் மனைவி ஓடிப்போய்த் திறந்தாள். வாளியில் தண்ணீர் அறையும் சத்தம் இங்கே வரை கேட்டது. இதற்குள் ஃப்ளிப்பி குளியலறைக் குழாயை மூடியதில் முள் மறுபடி நான்குக்கு ஏறியிருந்தது. லேசாக நடுங்கியது. இறங்கவில்லை.

"அவன் குடிக்கறதால நம்ம தாகம் கூடல," என்றார் ஜோசபாத்.

எசேக்கியேல் மானியை வெறித்தார். "இந்தக் கண்ணாடிப் பொட்டி சொல்றதை நான் ஊருக்கு எப்படிச் சொல்லுவேன்? தண்ணி எங்கடா போச்சு? அதைச் சொல்லு. சொல்ல முடியலன்னா அவன்தான்." நிழலைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

"சுண்ணாம்பு அத்தான்," என்றான் ஃப்ளிப்பி தணிந்த குரலில். "நம்ம பக்கத்துத் தண்ணி பாதி கல்லு. குழாய்க்குள்ள படிஞ்சு படிஞ்சு தொண்டை அடைச்சிருக்கும். மூடினா அழுத்தம் மெதுவா ஏறும், திறந்தா ஒழுகும். எல்லாம் பொருந்துது. குழாயை மாத்தணும், ரெண்டு நாள் வேலை."

ஜோசபாத் கெண்டியின் உட்புறத்தைப் பார்த்தார். வெள்ளைப் பாறை போல ஓடு கட்டியிருந்தது.

"சுண்ணாம்பு முதல்ல எதைப் பிடிக்கும்?"

"சூடு எங்க இருக்கோ அதை. எல்லா வீட்லயும் வெந்நீர்க் குழாய்தான் முதல்ல சாகும்."

"இந்த வீட்ல அது செத்துடுச்சா?"

ஃப்ளிப்பி வாயைத் திறந்து, பிறகு மூடினான். அவனுக்கு அது அபூர்வம்.

"யாரும் திறந்து பார்க்கல," என்றாள் லேனா. "கூரை மேல இருக்கற சூரியத் தொட்டியில தண்ணி கொதிச்சுக் கிடக்கு. இந்த மாசத்துல அந்தச் சிவப்புக் குழாயைத் தொட்டா தோல் உரியும். அத்தை கெண்டியில காய்ச்சி, ஆத்தித்தான் தர்றாங்க."

ஜோசபாத் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு சிவப்புக் குழாயைத் திருகினார்.

தண்ணீர் பாய்ந்தது. தொட்டியில் மோதி, சுவரில் தெறித்து, ஃப்ளிப்பியின் கையைப் பதம் பார்த்தது. அவன் அலறிக்கொண்டு பின்வாங்கினான். ஆவி எழுந்து சமையலறையை நிறைத்தது. ஜோசபாத் குழாயை மூடினார்.

வெளியே அண்ணன் இருக்கும் பக்கம் பார்த்துவிட்டு, ஃப்ளிப்பியைக் கைபிடித்து நடைவழிக்கு இழுத்தார்.

"வெந்நீர் குதிரை மாதிரி ஓடுது. பச்சைத் தண்ணி மட்டும் இருமுது. சுண்ணாம்பு இப்படி ஆள் பார்த்து வேலை செய்யாது. தெருவுல இருக்கற எவனாலயும் ஒண்ணை விட்டு இன்னொண்ணை மட்டும் நிறுத்த முடியாது."

"அப்படின்னா?"

"இந்த வேலிக்குள்ள இருக்கற ஒரு கை."

ஃப்ளிப்பி வாசல் பக்கம் பார்த்தான். "அத்தான், வண்டி ஸ்டார்ட் ஆகற நிலைமையிலதான் இருக்கு. நீங்க சொன்னீங்கன்னா..."

"பச்சைத் தண்ணிக் கிளைக்குத் தனியாத் திருகி மூடற அடைப்பான் இருக்கா?"

"இருக்கு. போன வருஷம் நான்தான் போட்டேன்."

"எங்க?"

"அதுதான்..." ஃப்ளிப்பி கழுத்தைச் சொறிந்தான். "அன்னிக்குத் தலைவர் வீட்ல ஆடு அடிச்சாங்க. கூடவே கொஞ்சம்..."

"குடிச்சிட்டு வேலை பார்த்தியா?"

"மரியாதைக்கு அத்தான். சுவரோரமாப் புதைச்சேன். எந்தச் சுவர்ன்றதுதான் நினைவில்ல."

*

இருவரும் வீட்டைச் சுற்றி நடந்தார்கள். கிழக்குச் சுவரோரம் நல்ல நிழல். ஆடுகள், நாய்கள், கோழிகள், துக்கத்துக்கு வந்த விருந்தாளிகள் எல்லாம் அங்கே நெருக்கியடித்துக் கிடந்தார்கள். வடக்கில் ஒன்றும் இல்லை. மேற்குப் பக்கம் திரும்பியதும் ஜோசபாத் நின்றார்.

வெயில் சுவரை நேராக அறைந்தது. கண் கூசியது. அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கவிழ்த்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள் சுசன்னா. அவருடைய அக்கா, எசேக்கியேலுக்கும் மூத்தவள். ஒட்டுத்துணிப் பாவாடையைத் தரைமுழுக்கப் பரப்பியிருந்தாள். கையில் ஊசி, நூல் கோக்கவில்லை. முகம் வியர்வையில் மின்னியது.

காலையில் இங்கே நிழல் இருந்திருக்கும். நிழல் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. அவள் போகவில்லை. நாய்கூட விட்டுப் போன இடத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அவள் ஓய்வெடுக்கவில்லை. காவல் காக்கிறாள்.

"அக்கா, நிழலுக்கு வா."

"இங்கதான் காத்து வருது."

"காத்தே இல்ல."

"எனக்கு வருது."

"எழுந்திரு அக்கா."

"மாட்டேன். நம்ம அம்மா சாகறப்ப உன்னை என் கையிலதான் குடுத்தா. என்னை எழுப்பறதுக்கு உனக்கு ஏதுடா அதிகாரம்?"

ஜோசபாத் தொப்பியைக் கழற்றினார். வெயிலிலேயே அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து ஃப்ளிப்பி பார்த்ததில்லை.

"அங்க ஒருத்தனோட குழாயை அறுக்கப் போறாங்க. அவன் பிள்ளைங்க பார்த்துக்கிட்டு நிக்குது."

சுசன்னா ஊசியைப் பாவாடையில் குத்தி வைத்தாள். பாவாடையை ஒருபக்கம் ஒதுக்கினாள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தட்டைக் கல். அதைச் சுற்றியிருந்த மண் பலமுறை கிளறப்பட்டுப் பொடியாகக் கிடந்தது.

"அவன்," என்று ஃப்ளிப்பியைக் காட்டினாள். "இதைப் போடறப்ப நான்தான் டீ கொண்டு வந்து குடுத்தேன். இது எதுக்குன்னு கேட்டேன். பச்சைத் தண்ணிக்கு மட்டும்னான்."

"ஏன் அக்கா?"

"பெரிய தம்பி சபை முன்னாடி நின்னு வாக்குக் குடுக்கறான். இங்க வீட்டுக்குள்ள லேனா விடியறதுக்குள்ள குழாயைத் திறந்து தலையில ஊத்திக்கறா. நர்ஸாம். இதெல்லாம் ஒண்ணும் ஆகாதாம். என் கண்ணால பார்த்தேன். அவன்கிட்ட சொன்னா அவன் வாக்கு போச்சு. சொல்லாம விட்டா பொண்ணுக்கு ஆகாது. நான் என்ன செய்ய? திருகினேன்."

"ஒரேயடியாவா?"

"அது எப்படி? திடீர்னு நின்னா எல்லாரும் தேடுவாங்கல்ல? தினமும் கொஞ்சம் கொஞ்சமா."

"அத்தான்," என்றான் ஃப்ளிப்பி மெதுவாக, "உங்க குடும்பத்துல போலீசுக்குத் தப்பான ஆளை அனுப்பிட்டாங்க."

"எலியாஸைத் திருடன்னு சொன்னப்ப நீ வாயைத் திறந்திருக்கலாமே?" என்றார் ஜோசபாத் அக்காவிடம்.

"அவன் மேல பழி விழும்னு நான் நினைச்சேனா? விழுந்தப்புறம் எப்படிச் சொல்றது? சொன்னா இதையும் சொல்லணும்." கண்களைத் துடைத்துக்கொண்டாள். "நீயே சொல்லு, நம்ம வீட்டுப் பேரா, அவன் வீட்டுப் பேரா?"

வேலிப் பக்கம் ஒரு கூச்சல். எலியாஸின் மனைவி அலறுவது கேட்டது. நிழல் வேலியைத் தொட்டுவிட்டது.

ஜோசபாத் கல்லைப் புரட்டி அடைப்பானைப் பிடித்துத் திருகினார். உலோகம் கையைச் சுட்டது. விடவில்லை. கடைசிச் சுற்றில், மானியைக் கழற்றித் திறந்தே விட்டிருந்த சமையலறைக் குழாய் ஒரு முறை செருமி, பிறகு முழங்கியது. உள்ளே பாத்திரங்கள் உருண்டன.

*

அவர் ஓடி வந்தபோது எலியாஸை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். மூன்றாமவன் பள்ளத்தில் இறங்கி ரம்பத்தைக் குழாயில் வைத்திருந்தான்.

"நிறுத்து! தண்ணி வந்துடுச்சு!"

எல்லாரும் திரும்பினார்கள். வீட்டுக்குள்ளிருந்து வந்த தண்ணீர்ச் சத்தம் தெருவரை கேட்டது. எசேக்கியேல் வீட்டைப் பார்த்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார்.

"என்னடா இருந்துச்சு?"

ஜோசபாத்தின் காதருகே ஃப்ளிப்பி கிசுகிசுத்தான்: "சுண்ணாம்புன்னு சொல்லிடுங்க அத்தான். சுண்ணாம்பு மேல யாரும் கேஸ் போட மாட்டாங்க. எலியாஸும் தப்பிச்சான், அக்காவும் தப்பிச்சாங்க."

தப்பில்லை என்று ஜோசபாத்துக்குத் தோன்றியது. ஒரு சொல். அதைச் சொன்னால் கல்லறைமேல் கொடுத்த வாக்கு நிற்கும். அக்கா நிற்பாள். அண்ணன் நிமிர்ந்து நடப்பார்.  ஜோசபாத் தயங்குவதைப் பார்த்துவிட்டு ஃப்ளிப்பியே முந்திக்கொண்டான்.

"சுண்ணாம்பு தலைவரே! இவ்வளவு பெரிய கட்டி! தட்டி எடுத்துட்டோம்!"

கூட்டம் மூச்சு விட்டது. எசேக்கியேல் கோட்டை இழுத்துவிட்டுக் கொண்டார். எலியாஸைப் பிடித்திருந்தவர்களுக்குக் கையசைத்தார்.

"விடுங்கடா அவனை. எலியாஸ், இந்த ஒரு தடவை மன்னிச்சுட்டோம். இனிமே என் வேலியோரம் பள்ளம் கிள்ளம் வெட்டாதே."

எலியாஸ் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "மன்னிச்சீங்களா?" என்றான்.  அவன் பிள்ளைகள் அவனையும் தலைவரையும் மாறிமாறிப் பார்த்தன.

ஜோசபாத் ஓர் அடி முன்னால் வந்தார். இத்தனை வருட வேலையில் குற்றவாளிகள் தப்பியதைப் பார்த்திருக்கிறார். குற்றமே செய்யாதவனை மன்னித்து அனுப்பியதைப் பார்த்ததில்லை. அதுவும் தன் வீட்டு ஆள், துக்கக் கோட்டைப் போட்டுக்கொண்டு.

"அண்ணே. மன்னிக்கற அளவுக்கு அவன் என்ன செஞ்சான்?"

"போகட்டும் விடு. முடிஞ்சுது."

"முடியல. சுண்ணாம்பு இல்லண்ணே. அடைப்பானை மூடியிருந்தாங்க. நம்ம வீட்ல. நம்ம கை."

 எசேக்கியேலின் முகம் கல்லாகியது. "யார் கை?"

ஜோசபாத் பதில் சொல்லுமுன் வீட்டு மூலையிலிருந்து சுசன்னா வந்தாள், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "என் கை. திட்டறதுன்னா என்னைத் திட்டு."

"நீயா? எதுக்கு?"

அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். அதை மட்டும் அவளிடமிருந்து யாராலும் வாங்க முடியாது என்று ஜோசபாத்துக்குத் தெரியும். வாசல் கதவு திறந்தது. கறுப்பு உடையில் லேனா படியில் நின்றாள். முகவாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. இப்போதுதான் கழுவியிருக்கிறாள், பச்சைத் தண்ணீரில்.

"எனக்காகப்பா," என்றாள். "நீங்க குடுத்த வாக்கை நான் மறுநாளே மீறிட்டேன். அத்தை அதை உங்களுக்குத் தெரியாம காப்பாத்தப் பார்த்தாங்க. அவ்வளவுதான். என் புருஷனுக்காக எப்படி அழறதுன்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்காக இன்னொருத்தன் திருடனாக வேண்டாம்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு கிழவர் சத்தமாகவே உச்சுக் கொட்டினார். எசேக்கியேல் மகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியாகத் தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஜோசபாத் தாங்கிக்கொண்டார். முதுகை வளைக்கவில்லை. அண்ணனும் வளைக்கவில்லை.

எசேக்கியேல் வேலியின் கதவைத் திறந்து எலியாஸின் நிலத்துக்குள் நடந்தார். அவனுக்கு நேர் எதிரே நின்றார்.

"உன்னைத் திருடன்னு சொன்னேன். ஊரே கேட்டுது. இப்பவும் ஊரே கேக்கட்டும். நீ திருடன் இல்ல. மன்னிச்சுட்டேன்னு சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல."



எசேக்கியேல் துக்கக் கோட்டைக் கழற்றி வேலிக்கம்பத்தில் மாட்டினார். பள்ளத்தில் நின்ற இளைஞனிடமிருந்து ரம்பத்தை வாங்கித் தூர எறிந்தார். மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். இளைஞர்கள் உதவிக்கு நகர்ந்தபோது கையால் தடுத்தார். வெட்டிய மண்ணைத் தானே அள்ளிப் பள்ளத்தில் தள்ளினார். ஒரு வாரி, இரண்டு வாரி. வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியது. ஊர் முழுதும் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

மூன்றாவது வாரிக்குக் காலை அகட்டியபோது எலியாஸ் அப்போதுதான் வாய் திறந்தான்.

"தலைவரே, அந்தக் காலைக் கொஞ்சம் ஓரமா வைங்க. அங்க கீரை இருக்கு."

எசேக்கியேல் குனிந்து பார்த்தார். காலை எடுத்து ஓரமாக வைத்தார்.